மச்சாளுக்குச் சொல்லாமல் போன கடல்

1

ஒக்டோபர் பிறந்தால் லண்டனில் எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. பைப் வேலையும், வீட்டைச் சூடாக்குகிற பொயிலர் வேலையும் என் தொழில். கோடை முழுக்கச் சும்மா கிடந்த பொயிலரை முதற்குளிர் விழுந்த அன்றைக்குத்தான் எல்லோரும் போட்டுப் பார்ப்பார்கள். பாதி வேலை செய்யாது. "அண்ணை, வீட்டில கைக்குழந்தை இருக்கு, ஒருக்கா எட்டிப் பாத்திட்டுப் போங்கோ" என்று ஹவுன்ஸ்லோவில் இருந்தும் குரொய்டனில் இருந்தும் கோல் வந்துகொண்டே இருக்கும். அப்படிப்பட்ட மாதத்தில் என் மகள் எங்களை விடுமுறைக்குக் கூட்டிக்கொண்டு போக முடிவு செய்தாள்.

மெலனி ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பள்ளிக்கு அரைத் தவணை விடுமுறை விடும் கிழமைதான் அவளுக்கும் லீவு. எனக்கும் ரீற்றாவுக்கும் திருமணமாகி இருபத்தைந்து வருடம் என்று, எங்களைக் கேட்காமலே மூன்று ரிக்கற் எடுத்துவிட்டாள். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கைத்தொலைபேசியைத் திருப்பிக் காட்டினாள்.

"மால்டா, அப்பா. குட்டித் தீவு. இந்த மாசமும் வெயில் இருக்கும். நான் எல்லாம் பிளான் பண்ணிட்டன். பார்க்கிறது முழுக்க ஃப்ரீ. பீச் ஃப்ரீ, சேர்ச் ஃப்ரீ, கார்டன் ஃப்ரீ. நீங்க ஒண்டும் யோசிக்கத் தேவையில்லை."

திரையில் நீலக் கடல் தெரிந்தது. ரீற்றா என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். மெலனிக்குத் தெரியாது.

ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு விடுமுறைக்குப் போவதில் என்ன கவலை என்று கேட்பீர்கள். மால்டாவுக்கும் சிசிலித் தீவுக்கும் இடையில் கிடக்கிற கடலில்தான் என் மச்சான் றெஜி இல்லாமல் போனான். என்னுடைய மாமி மகன். மன்னாரில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள், ஒரே ஏஜென்சிக்காரனிடம் கடவுச்சீட்டைக் கொடுத்தவர்கள் நாங்கள். அது நடந்ததும் ஓர் ஒக்டோபர் மாதம்.

2

றெஜியின் அக்கா செலின், எனக்கு மச்சாள், குட்மேய்ஸில் இருக்கிறார். புருஷன் இறந்தபின் தனியாகத்தான் இருக்கிறார். ஒவ்வொரு ஒக்டோபரிலும் தன் பங்குக் கோயிலில் தம்பிக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுப்பார். உடல் கிடைக்காதவனுக்குக் கல்லறை இல்லை, பூ வைக்க இடமில்லை. வருடத்தில் ஒருநாள் சுவாமியார் அவன் பெயரை வாசிப்பதுதான் அவனுக்கு இருக்கிற ஒரே இடம். அந்தப் பூசைக்கு நான் போகாமல் விட்டதில்லை. எவ்வளவு வேலை இருந்தாலும், மெலனிக்குத் தெரியாமல், நாங்கள் இருக்கும் கோலியர்ஸ் வுட்டில் இருந்து லண்டனின் மறு அந்தத்துக்கு ரயில் மாறிப் போய் அவர் பக்கத்தில் முழங்காலில் நிற்பேன்.

மெலனி எடுத்த ரிக்கற் சரியாக அந்தக் கிழமைக்கு.

மாற்றச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஏன் என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல வெளிக்கிட்டால் முழுவதையும் சொல்ல வேண்டும். என் பிள்ளைக்கு நான் சொன்ன கதையில் அப்பா விமானத்தில் வந்தவர். பிறகு பிறகு என்று தள்ளிப்போட்டதில் அவள் வளர்ந்துவிட்டாள்.

மச்சாள்தான் முதலில் கோல் எடுத்தார்.

"தாசன், வியாழக்கிழமை காலமைப் பூசை. வருவாய்தானே?"

"இல்லை மச்சாள்... இந்த முறை ஏலாமல் கிடக்கு. பொயிலர் சீசன் எல்லே. விடுறாங்கள் இல்லை."

"ஓம் ஓம், குளிரும் வந்திட்டுது. சனமும் பாவம்தானே. நீ வேலையைப் பார். நான் உன்ர பேரையும் சொல்லி மன்றாடுறன்."

அவர் கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். என் பெயரையும் சொல்லி மன்றாடுகிறேன் என்றதுதான் அன்று முழுக்க என்னோடு வந்தது.

3

மால்டா விமான நிலையத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தாருக்கு ஒரு வரிசை, மற்றவர்களுக்கு ஒரு வரிசை. பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகியபின் நாங்கள் மற்றவர்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி என் பிரித்தானியக் கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு, முதல் தடவையாகவா வருகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் வாயில் இருந்து "சீ" என்று வந்தது. இத்தாலிய மொழியில் ஓம். அவர் சிரித்துக்கொண்டு இத்தாலிய மொழியிலேயே நல்ல விடுமுறையாக அமையட்டும் என்றார். நானும் அதே மொழியில் நன்றி சொன்னேன். அங்கே அநேகருக்கு அந்த மொழி தெரியுமாம்.

மெலனி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, உங்களுக்கு இத்தாலியன் தெரியுமோ?"

"முந்தி கொஞ்சக் காலம் அங்க ஒரு ரெஸ்ரோறண்டில கோப்பை கழுவினனான்."

"என்னட்டை ஒருநாளும் சொல்லேல்லையே."

கடவுச்சீட்டில் உள்ள பெயரும் இத்தாலிக்காரன் தந்ததுதான். சிசிலியில் படகால் இறக்கி இருத்தியபோது ஓர் அதிகாரி என் பெயரை மூன்று விதமாக எழுதி எழுதி வெட்டினார். கடைசியில் என் தகப்பனின் பெயரான அந்தோனியைக் குடும்பப் பெயராகப் போட்டுவிட்டுக் களைத்துப்போனார். இன்றைக்கு லண்டனில் பொயிலர் திருத்தக் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் என்னை மிஸ்டர் அந்தோனி என்கிறார்கள். என் மகளும் மிஸ் அந்தோனி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

அன்று என்னை ஒரு பாரவண்டியில் ஏற்றிக் கொண்டுபோன ஊரை இன்று சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு பார்க்க வந்திருக்கிறேன் என்று சொல்ல முடியாது. அது சிசிலி, இது மால்டா. ஆனால் நடுவில் இருப்பது ஒரே கடல்.

4

மெலனி சொன்னது பொய்யில்லை. அந்தத் தீவில் காசில்லாமல் பார்க்க அவ்வளவு இருந்தது. கோட்டை மதிலின் மேல் ஒரு தோட்டம். அங்கே வாங்கில் இருந்தால் துறைமுகம் முழுக்கக் கீழே விரிந்து கிடக்கும். மத்தியானம் கீழ்த்தட்டில் பழைய பீரங்கி ஒன்றை மரியாதைக்கு வெடிக்க வைப்பார்கள். சனம் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி காத்து நின்றது. வெடித்ததும் கைதட்டினார்கள். நானும் ரீற்றாவும் மட்டும் ஒரே நேரத்தில் குனிந்துவிட்டோம். நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்தபோது ரீற்றாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவியும் என்னவென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்.

துறைமுகத்தில், கடலில் வள்ளங்களைத் தேடித் திரிகிற சாம்பல் நிறக் காவற்படைக் கப்பல் ஒன்று நின்றது. மெலனி அதையும் படம் எடுத்தாள். எதற்கான கப்பல் என்று அவள் கேட்கவில்லை.

மஞ்சள் கல்லால் கட்டிய தேவாலயங்களுக்குள் போனோம். வெளியே வெயில், உள்ளே கிணற்றடிக் குளிர்ச்சி. ரீற்றா ஒவ்வொன்றிலும் முழங்காலில் நின்றாள். மீன்பிடித் துறையில் நீலமும் மஞ்சளும் சிவப்பும் அடித்த வள்ளங்கள் கட்டிக் கிடந்தன. ஒவ்வொன்றின் முன்பக்க அணியத்திலும் இரண்டு கண்கள் தீட்டியிருந்தார்கள். கடலில் போகிறவனுக்குக் காவலாம். எங்களை ஏற்றிய வள்ளங்களில் கண் இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில் இல்லை. மம்மல் பொழுதில், முகம் தெரியாத இருட்டில் ஏற்றினார்கள். எந்த நாட்டுக் கரை என்றுகூடச் சொல்லவில்லை. இரண்டு வள்ளங்கள் நின்றன. வரிசையில் றெஜி எனக்குப் பின்னால். ஏற்றிவிட்டவன் கையை எங்கள் இருவருக்கும் நடுவில் நீட்டி, இவ்வளவு பேரும் இதில், மிச்சம் அதில் என்றான். றெஜி என் தோளில் தட்டி, "போ, போய் எனக்கும் ஒரு இடம் பிடிச்சு வை" என்றான். பஸ்ஸுக்குச் சொல்வதுபோல. எங்கள் வள்ளம் கரைசேர்ந்தது. மற்றதைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேள்விப்படவில்லை.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் அந்தத் தீவில் நடந்தேன் என்றால் அது உண்மையில்லை. அதுதான் என்னைக் குத்துகிறது. பாதி நேரம் நான் நினைக்கவேயில்லை. வெயில் முதுகில் பட்டது. பேக்கரியில் சுடச்சுட வாங்கிய பாணைப் பிய்த்துத் தின்றுகொண்டு மலை விளிம்பில் மகளோடும் மனைவியோடும் நடந்தேன். பொயிலர் கோல் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் நான் அவ்வளவு சந்தோசமாக இருந்ததில்லை.

5

வியாழக்கிழமை மெலனி எங்களை ஒரு சிறு குடாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு பாறைகளுக்கு நடுவே கண்ணாடிபோலத் தண்ணீர். ஊர்ச் சனம் துவாயை விரித்துவிட்டுக் குளித்துக்கொண்டிருந்தது.

"இறங்குங்கோ அப்பா. இதுக்கும் காசில்லை."

"எனக்கு வேண்டாம் பிள்ளை. நான் இதில இருக்கிறன்."

"நீங்க மன்னார் எல்லே? நீந்தத் தெரியும் எண்டு அம்மா சொன்னவா."

தெரியும். றெஜி என்னைவிட நன்றாக நீந்துவான். அதனால்தான் முதல் இரண்டு மூன்று வருடம் அவன் எங்கேயாவது கரையேறியிருப்பான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவனுக்குப் பிறகு நான் எந்தக் கடலிலும் இறங்கவில்லை. அந்தக் கடலைக் கடந்தவனே தவிர அதைத் தொட்டதில்லை. வள்ளத்தின் அடித்தட்டில் குந்தியிருந்து வந்தவனைச் சிசிலித் துறையில் கையைப் பிடித்துத் தூக்கி ஏற்றினார்கள்.

மெலனி என் கையைப் பிடித்து இழுத்தாள். சின்ன வயதில் என் கையைப் பிடித்து இழுத்தவள், பிறகு நீண்ட காலம் அப்படி இழுத்ததில்லை. பதினான்கு வயதுக்குப் பிறகு அவளுக்கு அறையும் கதவும் கைத்தொலைபேசியும்தான். அந்தக் கை இழுத்தபோது என்னால் மறுக்க முடியவில்லை.

இறங்கினேன். குளிரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் இறங்கினேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. முதலில் முழங்கால், பிறகு நெஞ்சு, பிறகு உடம்பு தானாகவே மல்லாந்தது. காது தண்ணீருக்குள் போனதும் கரைச் சத்தம் எல்லாம் அடங்கிவிட்டது. வானத்தைப் பார்த்தபடி மிதந்தேன். மெலனி என் முகத்தில் தண்ணீர் அடித்தாள். நானும் அடித்தேன். ரீற்றா பாறையில் இருந்து படம் எடுத்தாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அப்போதுதான் ரீற்றா கைத்தொலைபேசியை உயர்த்திக் காட்டினாள். முகம் மாறியிருந்தது.

"இஞ்சருங்கோ, மச்சாள்."

ஈரம் சொட்டச் சொட்ட வாங்கினேன். எடுக்காமல் விட்டால் பயந்துபோவார்.

"தாசன், பூசை இப்பதான் முடிஞ்சுது. சுவாமி நல்லாப் பேரைச் சொல்லி வாசிச்சவர். வேலையில நிக்கிறியோ?"

"ஓம் மச்சாள், வேலையிலதான்."

"என்ன, தண்ணிச் சத்தம் கேக்குது?"

"பைப் ஒண்டு உடைஞ்சு போச்சு மச்சாள். அதான்."

"ஐயோ, ஈரத்தோட நிண்டு வேலை செய்யாத. சளி பிடிக்கப் போகுது. உடுப்பை மாத்து, என்ன?"

"ஓம் மச்சாள்."

வைத்துவிட்டார். நான் கைத்தொலைபேசியைப் பிடித்தபடி நின்றேன். என் காற்சட்டையில் இருந்து வடிந்த தண்ணீர் பாறையில் ஓடிக் கடலுக்கே திரும்பிப் போனது. மெலனி தண்ணீரில் இருந்து ஏறி வந்து எனக்கு முன்னால் நின்றாள்.

"பெரியம்மாவுக்கு ஏன் பொய் சொன்னீங்க?"

6

அந்தப் பாறையில் இருந்தே சொன்னேன். ஈரம் காய்ந்து உப்புப் பூக்கும்வரை சொன்னேன். இரண்டு வள்ளம், நடுவில் நீட்டிய கை, கடைசியாக அவன் சொன்ன சொல் எல்லாம். ரீற்றா துவாயை எடுத்து என் முதுகைப் போர்த்திவிட்டாள்.

மெலனி அழவில்லை. கோபப்பட்டாள்.

"தெரிஞ்சிருந்தா நான் ஸ்பெயினுக்கு ரிக்கற் எடுத்திருப்பன். ஏன் என்னைத் தடுக்கேல்லை? நான் உங்களை இழுத்துக்கொண்டு போய்... அந்தத் தண்ணிக்குள்ள... ஓ மை கோட், அப்பா."

"நீ ஆசையா எடுத்தனி, பிள்ளை."

"அது இல்லை. இந்த வீட்டில எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லுறேல்லை. நீங்க பிளேன்ல வந்தனீங்க எண்டு பள்ளிக்கூடத்தில நான் எழுதிக் குடுத்தனான். தெரியுமோ? 'மை டாட்ஸ் ஜேர்னி' எண்டு. ரீச்சர் அதைச் சுவரில ஒட்டினவா."

எனக்குத் தெரியாது. பிள்ளைகள் தமிழை விட்டு, வீட்டை விட்டு விலகிப் போகிறார்கள் என்று கோயில் வாசலில் நின்று நாங்கள் குறைப்படுவோம். இந்தப் பிள்ளை கிட்ட வருவதற்கு நான் வழியே விடவில்லை.

மற்றநாள் பக்கத்துத் தீவான கோசோவுக்குப் படகில் போனோம். அந்தப் படகில் போகும்போது ரிக்கற் கேட்கமாட்டார்கள், திரும்பி வரும்போதுதான் கேட்பார்கள். முந்தின நாள் என்றால் மெலனி அதைச் சொல்லிக் கொண்டாடியிருப்பாள். அன்று பேசாமல் ஏறினாள். நான் உள்ளே கதிரையில் இருந்தேன். சிறிது நேரத்தில் வந்து பக்கத்தில் இருந்தாள்.

"அவர் எப்பிடியான ஆள்? றெஜி மாமா."

அவனை மாமா என்று என் பிள்ளை கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

"பம்பல்காரன். கோயில்ல மணி அடிக்கிறவர் தும்முறமாதிரி தும்மிக் காட்டுவான். பூசை நேரத்தில. நாங்கள் சிரிச்சு அடி வாங்குவம், அவன் பாவம்போல நிப்பான்."

"செய்து காட்டுங்கோ."

செய்து காட்டினேன். படகில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மெலனி சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே என் தோளில் முகத்தை வைத்து அழத் தொடங்கினாள்.

கோசோவில் பாறையைச் சதுரம் சதுரமாக வெட்டிக் கடல் தண்ணீரைத் தேக்கி உப்பு விளைவிக்கிறார்கள். ரீற்றா அந்த வரம்புகளின் ஓரத்தில் நின்று கடலைப் பார்த்துச் செபமாலை சொன்னாள். நாங்கள் இருவரும் அவளுக்குப் பின்னால் நின்றோம். மெலனிக்குத் தமிழில் செபம் பாதிதான் தெரியும். தெரிந்த பாதியைச் சொன்னாள்.

"அப்பா, பெரியம்மாட்டை நீங்கதான் சொல்லவேணும். நான் உங்களோட வாறன்" என்றாள் பிறகு.

7

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை குட்மேய்ஸுக்குப் போனோம். எப்படித் தொடங்குவது என்று ரயிலில் யோசித்துக்கொண்டே போனேன். மச்சாள் கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடா, வெயில் காஞ்சு கறுத்துப் போனாய்?" என்றார். அதற்குமேல் சோடிக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

"மச்சாள், நான் வேலைக்குப் போகேல்லை. மால்டாவுக்குப் போனனான். பூசையண்டு நீங்கள் கோல் எடுக்கேக்க நான் கடல்லதான் நிண்டனான். அந்தக் கடல்ல."

அவர் அடுப்பில் குழம்பு வைத்திருந்தார். போய் நெருப்பைக் குறைத்தார். முதுகைக் காட்டியபடி குழம்பைக் கிளறினார். மெலனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏசட்டும், வெளியே போ என்று சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன்.

திரும்பி வந்து எனக்கு எதிரில் இருந்தார்.

"இறங்கினியோ?"

"ஓம் மச்சாள்."

"தண்ணி குளிரோ?"

நான் எதிர்பாராத கேள்வி அது. "இல்லை மச்சாள். வெதுவெதுப்பு. நல்ல வெதுவெதுப்பு."

"உண்மையாத்தான் சொல்லுறியோ? இந்த மாசத்திலயோ?"

"உண்மையாத்தான் பெரியம்மா" என்றாள் மெலனி. "நானும் இறங்கினனான். பாத் தண்ணி மாதிரி."

மச்சாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான் வந்த புதுசில ஒருநாள் என்ர மனுசன் என்னை இஞ்ச கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனவர். சவுத்எண்டுக்கு. இதே மாசம்தான். காலை வைச்சிட்டு எடுத்திட்டன். அப்பிடி ஒரு குளிர். அண்டையில இருந்து என்ர மனசில அவன் விறைச்சுத்தான் செத்தவன். ஒவ்வொரு மாரிக்கும் போர்வையை இழுத்துப் போர்க்கேக்க அவன்ர நினைப்புத்தான் வரும். ஆரிட்டைக் கேக்கிறது இதை? நீயும் தண்ணியைத் தொடேல்லை, கையைப் பிடிச்சுக் கரையில இறக்கினவங்கள் எண்டுதானே சொன்னனி."

இத்தனை ஒக்டோபர் அவர் பக்கத்தில் முழங்காலில் நின்றிருக்கிறேன். அவர் மனதில் இது கிடந்தது எனக்குத் தெரியாது.

"வெதுவெதுப்பெண்டால் நித்திரை மாதிரித்தான் போயிருப்பான், என்ன தாசன்?" என்று கேட்டார்.

"ஓம் மச்சாள்" என்றேன்.

நான் மிதந்தது வெயில் சுட்ட ஒரு சிறு குடாவில், பாறைகளுக்கு நடுவே. நடுக்கடல் இருட்டில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதை நான் சொல்லவில்லை. மெலனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளும் சொல்லவில்லை.

மச்சாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி, சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று சாப்பாட்டுக் கோப்பைகளை எடுத்துவைத்தார். மீன்குழம்பும் சோறும். மீனை முதலில் ஓரத்துக்கு ஒதுக்கினேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். போட்டது முழுவதையும் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினேன்.